ஒன்றரை நாள் சிவிகை

டிராம்பேயிலிருந்து நெருல் வரை வாடகை பென்ஸில் ஒரு சம்பந்தப் பயணம். கறுப்பு நம்பர் பலகையை மறைக்க முடியவில்லை.

சீத்தா கேம்ப் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வண்டி வந்து நின்றதும் முதலில் கூடியவர்கள் சிறுவர்கள். அவர்கள் கண் முன்பக்கத்து நட்சத்திரத்தில் நிற்கவில்லை. நேராக நம்பர் பலகைக்குப் போனது. "கறுப்பு பிளேட்டு. பாடேகா காடி" என்றான் பத்து வயதுகூட நிரம்பாத ஒருவன். வாடகை வண்டி என்று பொருள். 78 லட்ச ரூபாய் கௌரவம் மூன்று விநாடியில் காலி.

பையன் சொன்னது சரி. இந்தியச் சாலைகளில் ஒரு காரின் ஜாதகம் அதன் பலகையின் நிறத்தில் இருக்கிறது. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த வண்டி. மஞ்சளில் கறுப்பு என்றால் டாக்ஸி. பச்சை என்றால் மின்சார வண்டி. கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால், வாடகைக்கு எடுத்தவரே ஓட்டிச் செல்லும் வண்டி. இந்த நான்கையும் படிக்க சீத்தா கேம்ப் சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

வண்டியை எடுத்தது என் தாய்மாமாவுக்காக. அவருடைய பேத்திக்கு நெருலில் ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடிப் பக்கம். நவி மும்பைக்குக் குடியேறி இரண்டு தலைமுறை ஆகிறது. நாங்கள் போய் வீடு பார்த்துவிட்டு வர வேண்டும். மச்சான் சவுதியில் இருப்பதால் முன்நின்று பேசும் பொறுப்பு எழுபத்தைந்து வயது மாமாவுக்கு. வண்டி ஓட்டும் பொறுப்பு எனக்கு.

டிராம்பேயிலிருந்து நெருலுக்குத் தூரம் சுமார் பதினைந்து கிலோமீட்டர்தான். அதற்கு எதற்கு ஒரு பென்ஸ்? முதல் காரணம் சாதாரணமானது: செல்பேசியில் கூப்பிட்ட டாக்ஸிகள் வரவில்லை. புறப்படும் இடம் சீத்தா கேம்ப் என்று தெரிந்ததும், முந்தைய வாரம் ஒத்திகைக்காகக் கூப்பிட்ட மூன்று வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாயின. இரண்டாவது காரணத்தை மாமா வெளியே சொல்லவில்லை. பேச்சு தொடங்கியபோது மாப்பிள்ளையின் அப்பா தொலைபேசியில் "எந்த ஏரியா?" என்று கேட்டிருக்கிறார். மாமா "செம்பூர்" என்று சொல்லிவிட்டார். பின்கோடு அகராதிப்படி பெரிய பொய் இல்லை. ஆனால் சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. செம்பூர்க்காரர் ஆட்டோவில் போய் இறங்கினால் நன்றாக இருக்காது என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

செம்பூரிலிருந்து தெற்கே இறங்கும் டிராம்பே சாலை ஒரு விசித்திரமான சாலை. ஒரு பக்கம் மாஹுலின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை, டாடாவின் அனல் மின் நிலையம். இன்னொரு பக்கம் மலைக்கும் கடலுக்கும் நடுவே பாபா அணு ஆராய்ச்சி மையம். ஆசியாவில், சோவியத் யூனியனுக்கு வெளியே, முதல் அணு உலையான அப்சரா 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது இங்கேதான். நாட்டின் அறிவாளிகளுக்குக் கட்டிய அணுசக்தி நகரின் மரங்கள் முடியும் இடத்திலிருந்து சற்றுத் தூரத்தில் சீத்தா கேம்ப் ஆரம்பிக்கிறது. இரண்டுக்கும் உள்ள உறவு அண்டை அயல் உறவு மட்டுமல்ல.

அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. நகரின் வேறு பகுதிகளிலிருந்து ஏற்கெனவே ஒருமுறை அப்புறப்படுத்தப்பட்டவர்கள் அங்கே குடியேற்றப்பட்டிருந்தார்கள். பிறகு அந்த நிலம் அணுசக்தித் துறைக்குத் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பிழைக்க வந்து ஜனதா காலனியில் தங்கிய ஜாக்கின் அற்புதம் என்ற இளைஞர் மக்களைத் திரட்டி, நீதிமன்றம் வரையும் டெல்லி வரையும் போராடினார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், போலீஸ் படை சூழ்ந்து நிற்க காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்கள் கொண்டுவந்து இறக்கப்பட்ட இடம்தான் சீத்தா கேம்ப். (ஜாக்கின் பின்னாளில் 2000ல் மகசேசே விருதும் 2011ல் பத்மஸ்ரீயும் பெற்றார், 2018 அக்டோபரில் காலமானார். தாராவியில் குடிசைவாசிகள் அமைப்பின் அலுவலகத்தில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் நாற்காலி கிடைக்கும்.)

மாமாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. "பத்துக்குப் பதினஞ்சு அளந்து கொடுத்தான். அதுல நாலு பக்கமும் சாக்கு கட்டினோம்" என்பார். இப்போது அந்தச் சாக்கு இருந்த இடத்தில் ஓடு பதித்த தரையும் மேலே ஒரு மாடியும் நிற்கின்றன.

அந்தப் பத்துக்குப் பதினைந்து கணக்கு எனக்கு வண்டியை வாசலுக்குக் கொண்டுபோக முயன்றபோது நினைவுக்கு வந்தது. நாங்கள் எடுத்தது மெர்சிடிஸ்-பென்ஸ் ஈ-கிளாஸ். நீளம் 5,092 மில்லிமீட்டர். அடிக் கணக்கில் பதினாறே முக்கால். அதாவது 1976ல் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட மனைக்குள் இந்த வண்டியை நீளவாக்கில் நிறுத்த முடியாது. பின்பக்கம் ஒன்றேமுக்கால் அடி தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். பரப்பளவில் மனையின் மூன்றில் இரண்டு பங்கை வண்டியே எடுத்துக்கொள்ளும். சந்துக்குள் திருப்புவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிரதான சாலையிலேயே நிறுத்தினேன்.

இந்தக் காருக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவு முப்பது ஆண்டுப் பழையது. 1994ல் மெர்சிடிஸ் நிறுவனம் இந்தியாவில் கால் வைத்தது. 1995ல் புனேயில் டெல்கோவின் வளாகத்தில் அந்நாளைய ஈ-கிளாஸ் உருவாகி வெளிவந்தது. அதுவரை இங்கே 'பெரிய கார்' என்றால் கன்டெஸ்ஸா, கொஞ்சம் புதுப்பணக்காரர் என்றால் மாருதி 1000. 2009ல் தொழிற்சாலை சாக்கனுக்கு நகர்ந்தது. 2017ல் நிறுவனம் ஒரு காரியம் செய்தது: சக்கரங்களுக்கு இடையே இடைவெளி கூட்டிய நீள வண்டியை, வலப்பக்க ஸ்டீயரிங்குடன், இந்தியாவுக்காகவே முதலில் கொண்டுவந்தது. காரணம்? ஐரோப்பாவில் இந்தக் காரை வாங்குகிறவர் ஓட்டுகிறார். இந்தியாவில் வாங்குகிறவர் பின்னால் உட்காருகிறார். இப்போதைய வண்டி 2024 அக்டோபரில் வெளிவந்தபோது அதன் தொடக்க விலை ரூ. 78.5 லட்சமாக இருந்தது; அந்தப் பணத்தில் பெரும்பகுதி பின் இருக்கையில்தான் செலவாகியிருக்கிறது. முதுகு 36 டிகிரி வரை சாய்கிறது. தொடைக்குக் கீழே மெத்தை நீள்கிறது. கண்ணாடிக்குத் திரை ஏறுகிறது. முன்னால் இருப்பவருக்கோ வேலை மட்டும்தான்.

ஆகவே தானே ஓட்டிச் செல்ல இந்த வண்டியை வாடகைக்கு எடுப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பணம் கொடுத்தவன் முன்னால் உட்கார்ந்து, பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு ஓட்டுகிறான். மொழிபெயர்ப்பாளனின் நிலைமைக்கு இது அதிகத் தூரம் இல்லை.

'செடான்' என்ற சொல்லை ஒருமுறை தமிழாக்க நேர்ந்தபோது அகராதியில் கிடைத்தது 'சிவிகை'. காருக்கு அந்தப் பெயர் ஆள் தூக்கும் பல்லக்கிலிருந்து வந்தது என்பார்கள். வள்ளுவர் சிவிகையைச் சுமப்பவனையும் அதில் ஊர்ந்து போகிறவனையும் ஒரே குறளில் வைத்தார். உரையாசிரியர்கள் அதற்குச் சொன்ன பொருளில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது; அது வேறு கட்டுரை. ஆனால் மாமா வண்டியருகே வந்தபோது அந்தக் குறள்தான் நினைவில் ஓடியது. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. வந்தவர் நேராக வலப்பக்க முன்கதவைத் திறந்தார். அது ஓட்டுநர் கதவு. திறந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "கை அதுபாட்டுக்குப் போகுது" என்று சொல்லி, சுற்றி வந்து பின்னால் ஏறினார்.

முப்பத்திரண்டு ஆண்டு அந்தக் கை பம்பாய் டாக்ஸி ஓட்டியது. 1979 முதல் 2011 வரை, ஃபியட் என்றே எல்லோரும் கூப்பிட்ட பிரீமியர் பத்மினி. குர்லாவில் தயாரான வண்டி. 1,089 சிசி எஞ்சின். மேலே மஞ்சள், கீழே கறுப்பு. கியர் தரையில் இருக்காது, ஸ்டீயரிங் தண்டில் இருக்கும். முன்னால் ஒரே நீள இருக்கை. 2003 அக்டோபர் 29ல் கடைசி பத்மினி டாக்ஸி தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. மும்பையில் டாக்ஸிக்கு ஆயுள் 20 ஆண்டு என்பதால் 2023 அக்டோபர் 30 முதல் நகரில் ஒரு பத்மினி டாக்ஸியும் இல்லை. அந்த வாரம் பத்திரிகைகள் புகைப்படம் போட்டு அழுதன. மாமா செய்தியைப் படித்துவிட்டு, "இடுப்பு வலியை யாரும் எழுதல" என்றார்.

வாடகைக்கு எடுத்த கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும். சட்டப்படி இந்தத் தொழில் 1989ல் மத்திய அரசு கொண்டுவந்த 'ரென்ட் எ கேப்' திட்டத்தின் கீழ் நடக்கிறது. உரிமம் வேண்டுமானால் குறைந்தது 50 வண்டி இருக்க வேண்டும். சின்ன ஆட்களால் முடிகிற காரியமா? விளைவு, சொந்தக் காரை, வெள்ளைப் பலகையோடு, தெரிந்தவர் மூலமும் செல்பேசி மூலமும் வாடகைக்கு விடும் வியாபாரம் பரவலாக நடக்கிறது. வாடகை குறைவு, பலகையும் கௌரவமாக இருக்கும். மாமாவின் மனதில் இருந்ததும் அதுதான். ஆனால் பர்மிட் இல்லாத சொந்த வண்டியை வாடகைக்கு விடுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் இடம் தரவில்லை. அதைவிட முக்கியம், சொந்த உபயோகத்துக்கான இன்ஷூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. பேத்தி மூன்று பேரோடு பாலத்தில் ஏதாவது நடந்தால் நஷ்டம் யார் தலையில்? நான் கறுப்புப் பலகையில் பிடிவாதமாக நின்றேன். மாமா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒன்றரை நாளுக்கு வாடகை, என் வீட்டின் மாத வாடகையில் முக்கால் பங்கு. முன்பணம் அதைவிட அதிகம். ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருந்தவை: குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு மேல் போனால் கூடுதல், விபத்தில் முதல் பெரும்தொகை வாடகைக்காரருடையது, அபராதச் சீட்டு எத்தனை வாரம் கழித்து வந்தாலும் நம் கணக்கு. அலுவலகத்து இளைஞர் வண்டியைச் சுற்றி வந்து ஏற்கெனவே இருந்த கீறல்களைக் காட்டினார். அவர் காட்டாத இரண்டை நான் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டேன். வாசகர்களும் அப்படியே செய்யட்டும்.

ஓட்டிய அனுபவம்? முதல் கிலோமீட்டரிலேயே அவமானம். மும்பையில் ஓடும் பெரும்பாலான கார்களில் இண்டிகேட்டர் குச்சி ஸ்டீயரிங்கின் வலப்பக்கம். இதில் வலப்பக்கம் இருப்பது கியர். தேவ்னார் அருகே வலது திரும்பச் சமிக்ஞை கொடுப்பதாக நினைத்துத் தட்டினேன். வண்டி நியூட்ரலுக்குப் போய், எஞ்சின் மட்டும் சத்தம் போட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் என் குலம் கோத்திரம் விசாரித்தார். பழக்கத்தின் குற்றம், வண்டியின் குற்றமல்ல. பிறகு மாமாவிடம் இதைச் சொன்னபோதுதான் அன்று முதன்முறையாகச் சிரித்தார். "ஸ்டீயரிங்லயே கியரா? அப்ப நம்ம ஃபியட்டுதான். என்ன, நமக்கு இடது கை" என்றார்.

மற்றபடி இருநூறு குதிரைசக்தி வண்டிக்கு டிராம்பே சாலையில் வேலையே இல்லை. தலைக்கு மேலே மெட்ரோ தூண்கள், பக்கத்தில் டேங்கர் லாரிகள், குறுக்கே ஆட்டோக்கள். மணிக்கு இருபது கிலோமீட்டர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: கதவை மூடினால் வெளியுலகம் ஊமைப்படம் ஆகிவிடுகிறது. ஹாரன் கேட்பதில்லை. மாஹுல் காற்றில் எப்போதும் உள்ள அந்த எண்ணெய் வாசனை வருவதில்லை. இந்த ஊரில் பணம் வாங்கித் தருவது வேகத்தை அல்ல, இந்த மௌனத்தைத்தான் என்று தோன்றியது.

அணுசக்தி நகர் வாசலைத் தாண்டும்போது மாமா ஜன்னல் திரையைக் கீழே இறக்கச் சொன்னார். நீளமான மதில். "அந்தச் சுவருக்கு அங்கிட்டு" என்றார் பேத்தியிடம், விரலால் காட்டாமல் மோவாயால் காட்டி. "உங்க ஆச்சிய நான் கல்யாணம் கட்டிக் கூட்டிட்டு வந்த வீடு." பேத்தி வாஷியில் ஒரு கம்ப்யூட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தினமும் இந்த மதிலைக் கடந்துதான் போகிறாள். "ஏன் தாத்தா, இத்தனை நாள் சொல்லல?" என்று கேட்டாள். "பஸ்ல கூட்டத்துல என்னத்தச் சொல்ல" என்றார்.

மான்குர்த் தாண்டியதும் சாலை விரிந்து வாஷி பாலம் வந்தது. சுங்கச்சாவடியில் பழக்கதோஷத்தில் வேகம் குறைத்தேன். 2024 அக்டோபர் நடுவிலிருந்து மும்பையின் ஐந்து நுழைவாயில்களிலும் கார்களுக்குச் சுங்கம் கிடையாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பாலத்தின் மேல் ஒரு நிமிடம் வண்டியைச் சற்று ஓட விட்டேன். எண்பதைத் தொட்டது தெரியவில்லை. "மெதுவா, மருமவனே. சவாரி பயப்படும்" என்று பின்னாலிருந்து குரல்.

பேத்தி வழியெல்லாம் வேறு கவலையில் இருந்தாள். பையனும் அவளும் ஓராண்டாகப் பழக்கம். அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்பது அவனுக்கு முதல் மாதமே தெரியும். பெரியவர்கள்தான் ஒருவரிடம் ஒருவர் செம்பூராகவும் பென்ஸாகவும் நடித்துக்கொண்டிருந்தோம். "மாமா, இந்த வண்டி வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டேன்.

நெருலில் பலகாரம், பேச்சு எல்லாம் ஒழுங்காக நடந்தன. சிக்கல் விடைபெறும்போது. மாப்பிள்ளையின் அப்பா வழியனுப்பக் கீழே இறங்கி வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; கண்டெய்னர் நம்பர்களைப் படித்துப் பழகிய கண். வண்டியைச் சுற்றி வந்தவர் பின்பக்கம் நின்றார். "கறுப்பு பிளேட்டா இருக்கே. செல்ஃப் டிரைவா?" என்றார் என்னிடம்.

நான் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "வாடகை வண்டிதான். நாளைக்கு மத்தியானம் கொடுக்கணும். எனக்குன்னு இருந்தது ஒரு டாக்ஸி, அதையும் கொடுத்தாச்சு. வீடு செம்பூர் இல்ல. சீத்தா கேம்ப்." மூன்று வாக்கியத்தில் மூன்று மாத நடிப்பு முடிந்தது. பேத்தி காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மனிதர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, "எந்த ஸ்டாண்டு?" என்று கேட்டார். "வி.டி." என்றார் மாமா. எண்பதுகளில் ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய ராத்திரி, பெட்டியும் படுக்கையுமாகத் தம்மை ஏற்றிக்கொள்ள எந்த டாக்ஸியும் மறுத்த கதையை அவர் ஆரம்பித்தார். கடைசியில் ஏற்றிக்கொண்டவர் ஒரு தமிழ் டாக்ஸிக்காரர் என்றார். அது மாமாதான் என்று முடித்தால் சினிமாவாக இருக்கும். மாமா, "நான் ராத்திரி ஷிப்டு ஓட்டுனதில்ல" என்று அதையும் கெடுத்தார். இருவரும் வண்டியில் சாய்ந்தபடி இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கலந்துபேசிவிட்டுச் சொல்கிறோம் என்ற வழக்கமான பதிலோடு திரும்பினோம்.

மறுநாள் காலை வண்டியை ஒப்படைக்க நான்கு மணி நேரம் மிச்சம் இருந்தது. மாமாவை மட்டும் ஏற்றிக்கொண்டு ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் விட்டேன். செம்பூர்ப் பக்கத்திலிருந்து தென் மும்பைக்கு 16.8 கிலோமீட்டர், 2013 ஜூனில் பெரும்பகுதி திறந்த சாலை. பாஞ்சர்போல் அருகே மலையைக் குடைந்த இரட்டைச் சுரங்கம் உண்டு. இரு சக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. ஆகவே தன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தொடங்கும் இந்தச் சாலையில், முப்பத்திரண்டு ஆண்டு இந்நகரை அளந்த டாக்ஸிக்காரர் அதுவரை போனதே இல்லை. அவர் பர்மிட்டை விட்டு இரண்டு வருடம் கழித்துத்தான் அது திறந்தது. அந்நாளில் சயான், பைகுல்லா என்று சிக்னல் சிக்னலாக நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்த வழியை இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தோம். இந்த முறை அவர் பின்னால் உட்காரவில்லை. முன்னால், என் இடப்பக்கம். வி.டி. வாசலில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்கவில்லை, போலீஸ்காரர் விரட்டினார். அதில் அவருக்கு ஏனோ பெரிய திருப்தி.

பன்னிரண்டு மணிக்கு ஒப்படைத்தேன். இளைஞர் புதிய கீறல் ஒன்றைக் கண்டுபிடித்தார், நான் படத்தைக் காட்டினேன், அது பழையதானது.

ஒன்பதாம் நாள் நெருலிலிருந்து தொலைபேசி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வீடு பார்க்க வருவதாகச் சொன்னார். அவரிடம் ஒரு பழைய வேகன்-ஆர் இருக்கிறது. அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

"உள்ள வராது. பஸ் ஸ்டாப்புகிட்டயே நிறுத்துங்க" என்றார் மாமா. "நான் வந்து நிக்கேன்."